ஸ்லைடும் உரையும்

(தமிழ் ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

தமிழ் இலக்கணம் கற்கப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் யாதெனின், நூற்பாக்களின் சுருக்கமேயாம். இறையனார் களவியல் அறுபதே நூற்பாக்களையுடைய சிறு நூல். அதனை உரையின்றிப் படிப்பவன் சொற்களை அறிவான். பொருளை முற்ற அறியான். அந்நூலுக்குரிய உரையோ, ஆசிரியர் சொல்ல மாணாக்கர் கேட்டு, வழிவழியாகப் பல தலைமுறை வாய்மொழியாகவே வந்தது என்று அவ்வுரையே கூறுகின்றது. அவ்வழியில் வந்தோருள் யாரேனும் ஒருவர் சொல்லாது விட்டிருப்பின், இன்று நம் கையில் அறுபது நூற்பாக்கள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

இப்பழைய செய்தியை ஈண்டு எடுத்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. இக்காலத்து வகுப்பறையில் ஆசிரியர் பலர் கணினியில் ஆக்கிய ஸ்லைடுகளைத் திரையிற் காட்டிப் பாடஞ் சொல்கின்றனர். கருத்தரங்கில் நாமும் அவ்வாறே பேசுகின்றோம். பேச்சு முடிந்தவுடன், “அந்த ஸ்லைடுகளைக் கொடுங்கள்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வேண்டுகோளுக்கு இசைந்து, தம் சொந்த இணையதளத்தில் அவற்றை இட்டுவைப்போரும் பலராயினர். இது மிக நல்ல வழக்கமே. ஆயினும், அங்ஙனம் இடுங்கால் நாம் பெரும்பாலும் பாதியை மட்டுமே இடுகின்றோம். ஸ்லைடு நூற்பாவை ஒக்கும். பேச்சு உரையை ஒக்கும். நூற்பாவை வழங்குவோர் உரையையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை யான் ஓர் இழப்பினாற் கண்டேன். அதனை முதற்கண் கூறி, பின்னர் ஸ்லைடின் வரலாற்றையும், அதனை இணையதளத்தில் இடும் முறையையும் கூறுவேன்.

ஓர் இழப்பு

எம் தமிழ்த்துறையில் நெடுங்காலம் யாப்பிலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். யான் இக்கல்லூரியிற் சேர்வதற்கு முன்னரே அவர் காலமாயினார்; ஆதலின் அவர் குரலை யான் கேட்டதில்லை. வெண்பா யாப்பைக் குறித்து 62 ஸ்லைடுகள் கொண்ட தொகுதி ஒன்றை ஆக்கி, ஆண்டுதோறும் அதனைக் கொண்டே அவர் பாடஞ் சொன்னார் என்றும், மாணவர் வேண்டியபடி அதனைத் தம் இணையதளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்திருந்தார் என்றும் எங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். சென்ற ஆண்டு சீரும் தளையும் எங்களைத் திணறச் செய்தபோது அத்தொகுதியைத் தேடினோம். தளத்தைக் காணோம். தளப்பெயருக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கட்டணத்தை அவர் மறைவிற்குப்பின் செலுத்துவார் இல்லாமையால், பெயர் காலாவதியாகி, வேறு எவர் கைக்கோ போய்விட்டது. அம்முகவரியில் விளம்பரங்களே காணப்பட்டன.

அவர்தம் துணைவியாரை நாங்கள் மூவர் சென்று கண்டோம். அம்மையார் எங்களை அமரச் செய்து, காப்பி கொடுத்து, மேசையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துத் தந்தார்கள். “ஐயாவின் பாடமெல்லாம் இதிலேதான் இருக்கும். உங்களுக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி” என்றார்கள். மகிழ்ச்சியுடன் விடுதிக்கு வந்து திறந்து பார்த்தால், தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் ஒழுங்கின்றி நிறைந்து கிடந்தன. அவர் கையாண்ட பழைய எழுத்துரு எங்கள் கணினியில் இல்லாமையே அதற்குக் காரணம். அதனை இன்னதெனக் கண்டுபிடித்து, மாற்றியமைத்து, பிழை பார்த்து முடிக்கக் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுதும் சென்றது.

அவ்வாறு 61 ஸ்லைடுகள் விளங்கின. பதினேழாவது மட்டும் விளங்கவில்லை. எழுத்துக்கள் தெளிவாகவே இருந்தன. “தளை” என்னும் தலைப்பும், அதன்கீழ்க் “குயவன் கதை” என்னும் இரண்டு சொற்களுமே அதிற் காணப்பட்டன. கதை யாது என்பது அத்தொகுதியில் எங்கும் இல்லை.

அவரிடம் பயின்ற மூத்த மாணவர் நால்வரைக் கேட்டோம். ஒருவர், “அந்தக் கதையைக் கேட்ட பிறகு தளை எனக்குத் தவறியதே இல்லை” என்றார். கதையைச் சொல்லுங்கள் என்றால், நினைவில்லை என்றார். மற்றொருவர், அதிற் சக்கரம் ஒன்று வந்ததென்றும், வகுப்பு முழுதும் நகைத்ததென்றும் கூறினார். ஏனை இருவரும் அன்று வகுப்பிற்கு வந்தார்களோ என்பதே ஐயமாயிற்று. நாற்பது நிமிடப் பாடத்தின் உயிராக இருந்தது எதுவோ, அதுவே மறைந்துவிட்டது.

அப்பேராசிரியரை யான் குறை கூறவில்லை. தாமே நின்று சொல்லும்பொழுது எழுதிவைக்க வேண்டுவதென்ன என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், சொல்வோர் நில்லார், ஸ்லைடு நிற்கும். ஆதலின் ஸ்லைடை இணையதளத்தில் இடுவோர், தாம் அருகில் இல்லாத ஒரு நாளை எண்ணியே இடுதல் வேண்டும்.

ஸ்லைடின் வரலாறு

ஒளியின் துணையாற் படத்தைத் திரையில் வீழ்த்திப் பலர்க்கும் ஒருங்கே காட்டும் கலை புதியதன்று. 1659-ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்பார் அத்தகைய கருவி ஒன்றுக்குரிய படங்களை வரைந்துள்ளார். அக்கருவி பின்னர் மாய விளக்கு எனப் பெயர் பெற்றது. கண்ணாடியிற் படத்தை எழுதி, அதன் பின்னே விளக்கையும் முன்னே வில்லையையும் வைத்தால், சிறு படம் பெரும் படமாகச் சுவரில் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பள்ளிகளிலும் சங்கங்களிலும் பரவிற்று. மிஷனெரிமார் இந்நாட்டிற்கும் அதனைக் கொணர்ந்து, மாலைப்பொழுதிற் கிராம மக்களைக் கூட்டி, வெள்ளைத் துணியிற் படங்காட்டிப் பேசினர்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் கண்ணாடிப் படத் தொகுதிகளை விற்ற வணிகர் செய்த ஒரு செயல் நம் கருத்திற்குரியது. அவர் பல தொகுதிகளுக்கு, ஒவ்வொரு படத்தையும் காட்டுங்கால் படிக்கவேண்டிய பேச்சை அச்சிட்ட சிறு புத்தகத்தையும் உடன் வழங்கினர். படம் தானே பேசாது என்பதனை அவ்வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

பின்னர்க் கண்ணாடி போய்ப் பிலிம் வந்தது. 1961-இல் கோடக் கம்பெனியார் கரோசல் என்னும் புரொஜெக்டரை வெளியிட்டனர். அதன் வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாம். நாம் இன்றும் ஸ்லைடு என்று வழங்கும் பெயர் அவ்வழி வந்ததே. அக்கம்பெனியார் 2004-இல் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதையே நிறுத்திவிட்டனர்.

அதற்குள் கணினி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 1987-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் மாக்கின்டாஷ் கணினிக்கென வெளிவந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்போர் அதனை ஆக்கியோருள் முதன்மையானவர். அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 140 இலட்சம் டாலர் கொடுத்து அதனை வாங்கிற்று. 1990-இல் விண்டோஸ் கணினிக்குரிய பதிப்பு வந்தது. முதற் பதிப்பிலேயே, ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் பேசுவோர் குறிப்பு எழுதிக்கொள்ளத் தனிப் பக்கம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாய விளக்கோடு வந்த சிறு புத்தகத்தின் இடத்தில் இக்குறிப்புப் பக்கம் நின்றது. நம்முட் பெரும்பாலோர் அதனை இன்றுவரை வெறுமையாகவே விட்டுவைக்கின்றோம்.

சுருக்கத்தின் தீங்கு

ஸ்லைடின் சுருக்கம் மாணவர்க்கு மட்டுமே இடர் தருவது என்று கருதற்க. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் கொலம்பியா என்னும் விண்கலம் புறப்பட்டபொழுது, அதன் எரிபொருட் கலத்திலிருந்து நுரைப்பொருட் கட்டி ஒன்று பெயர்ந்து இறக்கையிற் மோதிற்று. அதனாற் கேடு உண்டோ என்று பொறியாளர் ஆராய்ந்து, தம் முடிவை ஸ்லைடுகளாகவே மேலதிகாரிகட்குக் காட்டினர். மோதிய கட்டியின் பருமன் 1920 கன அங்குலம் என மதிப்பிடப்பட்டது; முன் நிகழ்ந்த சோதனையிற் பயன்பட்டதோ 3 கன அங்குலமே. அறுநூறு மடங்கிற்கு மேற்பட்ட இவ்வேறுபாடு, ஒரு ஸ்லைடின் அடிப்பகுதியிற் சிற்றெழுத்தில், பல படி தாழ்ந்த ஒரு வரியாக நின்றது. தலைப்பைப் படிப்போர்க்கு அது புலப்படாது. பெப்ரவரி 1-ஆம் நாள் கலம் திரும்புங்கால் வானிற் சிதைந்தது. அதில் இருந்த எழுவரும் மாண்டனர்.

அவ்வொரு ஸ்லைடே அக்கேட்டிற்குக் காரணம் என்று கூறுதல் தகாது. ஆயினும், அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, எட்வர்டு டஃப்டி என்னும் பேராசிரியர் அந்த ஸ்லைடைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியைத் தன்னுட் சேர்த்துக்கொண்டு, முழுமையான அறிக்கைக்கு ஈடாக ஸ்லைடுகளையே கொண்டமையைக் குறையாகச் சுட்டிற்று. எழுதவேண்டிய இடத்தில் எழுதாது குறிப்பே காட்டுதல் எத்துணைப் பொறுப்பு வாய்ந்தாரையும் ஏமாற்றும் என்பது இதனாற் பெறப்படும்.

எங்கே இடுதல்

இனி, ஸ்லைடுகளை இணையத்தில் இடுதற்கு இடம் யாது என்பதனைக் காண்பாம். இதற்கெனப் பொதுவான தளங்கள் உண்டு. அவற்றுட் புகழ்பெற்ற ஸ்லைடுஷேர் என்பது 2006-இல் தொடங்கப்பட்டது. 2012-இல் அதனை லிங்க்ட்இன் நிறுவனம் வாங்கிற்று. 2020-இல் ஸ்கிரிப்ட் என்னும் நிறுவனத்தின் கைக்கு அது மாறிற்று. பதினான்கு ஆண்டுகளில் மூவர் உடைமையாயிற்று. உடைமையாளர் மாறுங்கால் விதிகளும் மாறுதல் இயல்பு. இதனினுங் கடுமையானது ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தின் கதை. 1994-இல் தோன்றி, எண்ணற்ற மக்கள் தத்தம் பக்கங்களை இலவசமாக அமைத்துக்கொள்ள இடந்தந்த அது, 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடப்பட்டது. அங்கு இருந்தவற்றை எடுத்து வைத்துக்கொள்ளாதார் இழந்தனர்.

ஆதலின் பொதுத் தளத்தைச் சந்தையாகவும், சொந்தத் தளத்தை வீடாகவும் கொள்ளுதல் நன்று. சந்தையிற் பலர் கண்ணிற் படும். ஆனால் மூலப்படி வீட்டிலேயே இருத்தல் வேண்டும். சொந்தத் தளத்தில் விளம்பரம் இல்லை. படிப்போரைப் பதிவு செய்யச் சொல்லித் தடுப்பாரும் இல்லை. முகவரியும் நம் கையிலேயே உளது. ஒருமுறை வழங்கிய முகவரியைப் பின் மாற்றலாகாது. இணையவலையை ஆக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1998-இலேயே இதனை வற்புறுத்தி எழுதினார். நம் கட்டுரையிலும் பிறர் புத்தகத்திலும் அம்முகவரி குறிக்கப்பட்டிருக்கும். மாற்றினால் அக்குறிப்பு யாவும் பொய்யாகும்.

வீட்டிற்கும் வரி உண்டு என்பதனை எங்கள் பேராசிரியர் தளத்தின் கதை காட்டிற்று. தளப்பெயரைப் பெரும்பாலும் பத்தாண்டுவரை முன்னரே பதிந்துகொள்ளலாம். அதற்குரிய குறிப்பை வீட்டார் ஒருவரேனும் அறியுமாறு எழுதிவைத்தல் வேண்டும். அன்றியும், தொகுதியின் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கும் கொடுத்தல் நலம். 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் அறநிலையத்தார் உலகத்துப் பக்கங்களைப் படியெடுத்துக் காத்து வருகின்றனர்; நம் பக்கத்தைப் படியெடுக்குமாறு நாமே அவர் தளத்தில் வேண்டிக்கொள்ளலாம். ஓலைச்சுவடிகள் பிழைத்தவை படியெடுத்தோராலேயே அன்றோ! அம்முறை இன்றும் பொருந்தும்.

எவ்வடிவில் இடுதல்

ஸ்லைடுத் தொகுதியை மூன்று வடிவில் வழங்கலாம். முதலாவது, பவர்பாயிண்ட் முதலிய மென்பொருளில் நாம் ஆக்கிய மூலக் கோப்பு. இதனைப் பெறுவோர் திருத்தியும் மாற்றியும் தம் வகுப்பிற்குப் பயன்படுத்தலாம். ஆயினும் எழுத்துரு இல்லாத கணினியில் உருக்குலையும். இரண்டாவது பி.டி.எஃப். வடிவம். இது 1993-இல் அடோபி நிறுவனத்தார் வெளியிட்டது. 2008-இல் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. எழுத்துருவைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்ளுதலின், எக்கணினியிலும் ஒரே தோற்றமாக நிற்கும். மூன்றாவது, இணையப் பக்கமாகவே ஆக்குதல். எரிக் மேயர் என்பார் 2004-இல் வெளியிட்ட எஸ்5 என்பதும், ஹக்கீம் எல் ஹத்தாப் என்பார் 2011-இல் தொடங்கிய ரிவீல்.ஜேஎஸ் என்பதும் இதற்கு உதவுவன, இரண்டும் இலவசம்.

இம்மூன்றனுள் எது சிறந்தது எனின், மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தலே சிறந்தது. படிப்போர்க்கு இணையப் பக்கமும், அச்சிடுவோர்க்குப் பி.டி.எஃப். கோப்பும், கற்பிப்போர்க்கு மூலமும் பயன்படும். மேலும், படங்களின் அளவைக் குறைத்தல் வேண்டும். திரைகள் பல 1920-க்கு 1080 புள்ளி கொண்டவை. அஃதாவது ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளி. கைபேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்று 120 இலட்சம் புள்ளியுடையதாயின், திரைக்கு வேண்டியதினும் ஆறு மடங்கு சுமை அதில் உளது. அவ்வாறான இருபது படங்களைச் சுமந்த கோப்பைக் கிராமத்து மாணவன் கைபேசியில் இறக்க முயன்றால், அவன் டேட்டா வீணே செலவாகும்.

தமிழ் எழுத்துக்குரிய கவனம்

தமிழில் ஸ்லைடு ஆக்குவோர் தனியாகக் கொள்ளவேண்டிய கவனம் ஒன்று உண்டு. முற்காலத்து எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் எழுத்தின் உருவை வைத்தன. எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். எங்கள் பேராசிரியர் ஸ்லைடுகட்கு நேர்ந்தது இதுவே. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறை தமிழுக்கெனத் தனி எண்வரிசையை ஒதுக்கிற்று. அது 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தாராது, உயிர்க்கும், அகரமேறிய மெய்க்கும், உயிர்க்குறிக்கும், புள்ளிக்கும் எண் தந்து, அவற்றைச் சேர்த்து எழுத்தாக்குகின்றது.

பழைய கோப்பை மாற்றுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். “கெ” என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கின்றது. பழைய எழுத்துருக்கள் அக்கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் சேமித்தன. யூனிகோடோ, ஒலிமுறைப்படி ககரத்தை முன்னும் குறியைப் பின்னும் சேமிக்கும். ஆதலின் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். மாற்றித் தரும் கருவிகள் உண்டெனினும், முடிவில் மனிதர் கண்ணாற் பிழை பார்த்தல் இன்றியமையாதது. பி.டி.எஃப். கோப்பில் அழகாகத் தோன்றும் தமிழும், படியெடுத்து ஒட்டுங்கால் சிதைதல் உண்டு. தேடினால் அகப்படாமையும் உண்டு. ஸ்லைடின் சொற்களை இணையப் பக்கத்தில் யூனிகோடு எழுத்தாகவே தட்டெழுதி வைத்தால் இவ்விடர் தீரும்.

உரை எழுதும் முறை

இனி இக்கட்டுரையின் நடுவண் நிற்கும் பகுதிக்கு வருவோம். இலக்கண ஆசிரியர் உரையைக் காண்டிகை என்றும் விருத்தி என்றும் இருவகைப்படுத்தினர். பொருளைச் சுருக்கமாக விளக்குவது காண்டிகை. விரிவாக ஆராய்வது விருத்தி. ஸ்லைடுக்குக் காண்டிகை போதும். ஒவ்வொரு ஸ்லைடையும் படமாக வைத்து, அதன்கீழ் நாம் பேசிய பேச்சை ஒன்றிரண்டு பத்தியாக எழுதினால், அதுவே உரையாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பேராசிரியர் தொகுதியின் பதினெட்டாம் ஸ்லைடில், மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்னும் மூன்று தொடர் மட்டுமே உள. யாப்பறிந்தார்க்கு இது போதும். முதலாண்டு மாணவர்க்கு இது விடுகதை. அதன்கீழ் நாங்கள் எழுதிய உரை வருமாறு: “வெண்பாவில் ஒரு சீர் எவ்வாறு முடிகிறது என்பதைப் பொறுத்து, அடுத்த சீர் தொடங்கும். ‘கல்வி பெருகும்’ என்பதிற் கல்வி என்பது நேர்நேர், ஆகவே தேமா. அடுத்த சீர் ‘பெரு’ என நிரையில் தொடங்கிற்று. இது மாமுன் நிரை. ‘பாடலைக் கேட்பான்’ என்பதிற் பாடலை என்பது நேர்நிரை, ஆகவே கூவிளம். அடுத்த சீர் ‘கேட்’ என நேரில் தொடங்கிற்று. இது விளமுன் நேர். இவ்விரண்டும் இயற்சீர் வெண்டளை. ‘கல்லூரி வந்தான்’ என்பதிற் கல்லூரி என்பது நேர்நேர்நேர், ஆகவே தேமாங்காய். அடுத்த சீர் ‘வந்’ என நேரில் தொடங்கிற்று. இது காய்முன் நேர். வெண்சீர் வெண்டளை எனப்படும்.” இதனை எழுத அரைமணி நேரமே சென்றது. இதனைப் படித்த முதலாண்டு மாணவர் மீண்டும் எங்களிடம் ஐயம் வினவவில்லை.

உரை எழுதுவதாற் பிற பயன்களும் உள. கண்பார்வையற்ற மாணவர், திரையிலுள்ள எழுத்தை ஒலியாகப் படித்துக்காட்டும் மென்பொருளைக் கையாள்கின்றனர். வெறும் படமாக இட்ட ஸ்லைடு அவர்க்குச் சுவரே. உரை இருப்பின் கதவு திறக்கும். பார்வை குறைந்தார் பொருட்டு எழுத்தின் நிறத்திற்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிற்குக் குறையலாகாது என்று 2008-இல் வெளிவந்த இணைய அணுக்க நெறிகள் வகுத்துள்ளன. மஞ்சட் பின்னணியில் வெள்ளை எழுத்து எழுதும் நம் நண்பர்கள் இதனை நினைப்பார்களாக. தேடுபொறியும் உரையையே படிக்கும். அன்றியும், எழுதப் புகுந்தபின்னரே நாம் எதனை அறியாது பேசினோம் என்பது நமக்குப் புலனாகும். வகுப்பில் விரைந்து கடந்துவிட்ட இடத்தை ஏட்டிற் கடத்தல் இயலாது.

பக்கத்தின் முகப்பில், பேச்சின் தலைப்பு, பேசிய நாள், இடம், கேட்டோர் இன்னார் என்பவற்றைக் குறித்தல் வேண்டும். பின் திருத்தினால் திருத்திய நாளையும் குறித்தல் வேண்டும்.

உரிமையும் ஒழுக்கமும்

வகுப்பிற் காட்டுதல் வேறு. உலகிற்கு வெளியிடுதல் வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அச்சட்டம் கற்பித்தற் பொருட்டுப் பிறர் நூற்பகுதிகளைக் காட்டச் சில விலக்குகளைத் தந்துள்ளது. அதனாலேயே அவற்றை இணையத்தில் எவரும் எடுக்குமாறு இடும் உரிமை வந்துவிடாது. நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்கள் பொதுவுடைமை. ஏனையவற்றைப் பயன்படுத்துங்கால் இசைவு பெறுதலும், எடுத்த இடத்தைக் குறித்தலும் கடன். நம் ஆக்கத்தைப் பிறர் பயன்படுத்தலாமா என்பதனையும் நாமே வெளிப்படக் கூறுதல் வேண்டும். 2001-இல் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு இதற்கென ஆறு வகை உரிமங்களை வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து முதல் ஸ்லைடிலேயே எழுதிவிட்டால், கேட்பதற்கு நாம் இல்லாத காலத்தும் பிறர் அச்சமின்றிப் பயன்படுத்துவர்.

மூலக் கோப்பை இடுமுன் அதனுள் மறைந்திருப்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். மறைத்து வைத்த ஸ்லைடும், நமக்கென எழுதிய குறிப்பும் அதனுடன் செல்லும். ஓரம் வெட்டிய புகைப்படத்தில் வெட்டுண்ட பகுதியும் கோப்பினுள் தங்கியிருத்தல் உண்டு. மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் அவ்வாறு வெளிப்படுமாயின் பெரும் பழியாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஸ்லைடு சொல்வோர் அருகில் நின்று பயன்படுவதற்கு ஆக்கப்பட்டது என்பதும், இணையதளத்தில் இடுங்கால் அவர் நின்ற இடம் வெறுமையாகின்றது என்பதும், அவ்விடத்தை எழுத்தாலேயே நிரப்புதல் கூடும் என்பதும் பெறப்படும். தளமும் வடிவும் உரிமமும் காவல்களே. காக்கப்படும் பொருள் உரையேயாகும்.

பேராசிரியர் துணைவியாரின் எழுத்துமூலமான இசைவு பெற்று, அவர்தம் 62 ஸ்லைடுகளையும் யூனிகோடு எழுத்தில், எங்களால் இயன்ற உரையுடன், தனித் தளம் ஒன்றில் இட்டுள்ளோம். ஒரு படி கல்லூரி நூலகத்திலும் உளது. எந்த உரை எங்களுடையது, எந்தச் சொல் அவருடையது என்பதனைப் பிரித்தே காட்டியுள்ளோம். பதினேழாம் ஸ்லைடின்கீழ் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவர் கூறாத கதை ஒன்றைப் புனைந்து எழுத எங்கட்கு மனம் வரவில்லை. அவ்விடம் வெறுமையாகவே உளது.

இம்மலர் பழைய மாணவர் பலர் கைக்கும் செல்லும் என்று அறிவேன். அப்பேராசிரியரிடம் வெண்பா பயின்றோர் யாரேனும் இதனைப் படிக்க நேர்ந்து, அந்தக் குயவன் என்ன செய்தான், அவன் சக்கரம் என்னவாயிற்று, அதற்கும் தளைக்கும் இயைபு யாது என்பது நினைவில் வருமாயின், தமிழ்த்துறைக்கு ஒரு கடிதம் எழுதியருளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். முழுதும் நினைவில்லையெனினும் நினைவுள்ளதை எழுதுக. அதனை அவ்விடத்தில், எழுதியவர் பெயருடன் சேர்ப்போம்.